வெட்சி வேலி

வேலி என்னும் சொல் தமிழில் காவலையும் குறிக்கும். நிலத்தின் அளவையும் குறிக்கும். தஞ்சைப் பகுதியில் இருபது மா நிலம் ஒரு வேலி எனப்பட்டது. இன்றைய கணக்கில் அது ஏறத்தாழ 6.6 ஏக்கர். நிலம் உடையவனுக்கே வேலி உண்டு என்பது இச்சொல்லுக்குள் உறைந்து கிடக்கும் உண்மை. அவ்வாறாயின், பல தலைமுறைகள் சொந்த நிலமின்றி வாழ்ந்த மக்கள் தமக்கென ஒரு வாசலைப் பெற்றபொழுது, அதன்முன் எந்தச் செடியை நட்டார்கள் என்பதும் வரலாற்றின் ஒரு பகுதியேயாம். செபராங் ஜெயாவின் தரை வீடுகளுக்கு முன்னே முழங்கால் அளவிலும் இடுப்பளவிலும் நிற்கும் பசுஞ்செடி வேலிகளை இந்த நோக்கோடு காண்பது தகும்.

பண்டைத் தமிழர் செடி வேலியைக் காவலுக்காகவே தேர்ந்தனர். கோட்டையைச் சூழ்ந்த காவற்காடு மிளை எனப்பட்டது. திருவள்ளுவரும் அரணின் உறுப்புகளை எண்ணும்பொழுது நீர், வெளிநிலம், மலை ஆகியவற்றோடு நிழல் செறிந்த காட்டையும் சேர்த்து எண்ணுகிறார். சிற்றூர் உழவனின் தேர்வும் இதுபோன்றதே. கள்ளியை நட்டான், அதற்கு நீர் வேண்டாம். ஆடாதோடையை நட்டான், ஆடு அதனைத் தொடாது. கொங்கு நாட்டில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களுக்கு முள்ளுக்கிளுவையே வேலி. கோடையில் அதன் இலைகள் உதிர்ந்து வெறுங்கோலாய் நிற்கும். அதைப் பற்றி எவரும் கவலை கொண்டதில்லை. முள் இருந்தால் போதும்; இலை இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

முள்ளைத் தேர்வதில் அரசு ஒன்றே முனைந்து ஈடுபட்ட செய்தியும் இந்திய வரலாற்றில் உண்டு. உப்பு வரியைக் காக்க ஆங்கிலேயர் வகுத்த உள்நாட்டுச் சுங்க எல்லை, 1869ஆம் ஆண்டில் சிந்து நதி தொடங்கி 2,300 மைல் நீண்டு, ஏறத்தாழ 12,000 பேரால் காவல் செய்யப்பட்டது. காய்ந்த முட்களால் அடைக்கப்பட்டிருந்த அவ்வெல்லையை உயிர்வேலியாக மாற்ற முனைந்தவர், 1867 முதல் 1870 வரை சுங்க ஆணையராக இருந்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம். பின்னாளில், 1885இல், காங்கிரசைத் தோற்றுவித்தோருள் முதன்மையானவர் அவரே. அந்தந்த மண்ணுக்கு ஏற்றது எது எனச் சோதித்து, கருவேல், இலந்தை, களா, கள்ளி எனப் பிரித்து நடச் செய்தனர். ஏழையின் கஞ்சிக்கு வேண்டிய உப்பைத் தடுப்பதற்கு இத்தனை தாவர அறிவு! 1879இல் அந்த எல்லை கைவிடப்பட்டது.

இலையைக் கருதி வேலி அமைக்கும் வழக்கம் மலாயாவுக்கு வேறொரு வழியில் வந்தது. கெடா சுல்தானிடமிருந்து 1800ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி பெற்ற கரையோர நிலமே புரோவின்ஸ் வெல்லெஸ்லி, இன்றைய செபராங் பிறை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே கரும்புத் தோட்டங்கள் பெருகின. தமிழ்த் தொழிலாளர் ஒப்பந்தத்தில் கொண்டுவரப்பட்டனர். பின்னர் ரப்பர் வந்தது. துரைமார் தம் நாட்டு வழக்கப்படி பங்களா முற்றத்தில் கத்தரித்த செடி வேலியை விரும்பினர். பனிக்காலத்தில் மரங்கள் மொட்டையாகும் இங்கிலாந்தில், பசுமை மாறாத செடிக்குத் தனி மதிப்பு உண்டு. ஆண்டு முழுதும் மழை காணும் இந்நாட்டிலோ பெரும்பாலான செடிகள் பசுமை மாறாதவையே. இங்கு அது ஒரு சிறப்பன்று. கத்தரியைத் தாங்குமா, அடிவரை இலை நிற்குமா என்பனவே இங்குக் கேட்கத்தக்க கேள்விகள்.

பங்களாவுக்கு வேலி இருந்தது, லயத்துக்கு இல்லை. லயத்து வீடு தோட்டத்துக்கு உரியது. வேலை போனால் வீடும் போகும். நிலையற்ற வாசலில் மெல்ல வளரும் செடியை எவர் நடுவார்? முருங்கையும் கறிவேப்பிலையும் நட்டவர்கள் உண்டு. அவை விரைவில் கறிக்கு உதவும்.

1969இல் அமைந்த பினாங்கு வளர்ச்சிக் கழகம் உருவாக்கிய புது நகரங்களுள் ஒன்று செபராங் ஜெயா. தோட்டங்களை விட்டு வந்த தமிழ்க் குடும்பங்களும் அங்குக் குடியேறின. தரை வீட்டின் முற்றம் சிறியது. காரை நிறுத்தியபின் எஞ்சுவது மதிலோரத்து ஒரு முழ மண். அந்த ஒரு முழத்தில்தான் தேர்வு நிகழ்கிறது. தேயிலையை ஒத்த சிற்றிலையுடைய தே உத்தான் எத்துணை வெட்டினாலும் தழைக்கும், பூவழகு இல்லை. கெமுனிங் நறுமணம் உடையது, கறிவேப்பிலையின் இனத்தது. ஆயினும் மெதுவாகவே அடர்கிறது. 1960இல் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட செம்பருத்தி விரைந்து ஓங்கும். தாழ்ந்த வேலியாக அதனை அடக்குவது கடினம். அரளி அழகுடையதே. எனினும் அதன் எல்லாப் பகுதிகளும் நஞ்சு. குழந்தைகள் விளையாடும் முற்றத்துக்கு அது ஆகாது.

எஞ்சுவது வெட்சி. மலாய் மக்கள் இதனை ஜெஜாரும் என்பர். நம்மவர் இட்லிப் பூ என்பர். தாவர நூலார் இக்சோரா என்பர். அப்பெயர் ஈசுவரன் என்ற சொல்லைப் போர்த்துகீசியர் ஒலித்த வடிவிலிருந்து பிறந்தது. செவ்வெட்சியின் தாயகம் தென்னிந்தியாவும் இலங்கையும். திருமுருகாற்றுப்படையில் சூரரமகளிர் சூடும் மலர்களுள் இதுவும் ஒன்று. புறத்திணையிலோ, பகைவர் ஆநிரையைக் கவரச் செல்வோர் சூடும் பூ இது. மதில் காப்போருக்கு உரியது நொச்சி. காவலை மீறுவோரின் பூ இன்று வாசல் காக்கிறது என்பது மாணவர்க்குச் சுவை பயக்கும் முரண்.

வேலிக்கு உகந்தவை குட்டை வகைகள். ஓரடி இடைவெளியில் நட்டால் நெருங்கி வளரும். வெயில் வேண்டும். புளிப்பு மண் வேண்டும். புது வீட்டு மதிலோரத்தில் புதைந்த சிமெண்டுச் சிதறலின் சுண்ணாம்பு இதற்குப் பகை. இலை மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாய் நின்றால் காரணம் பெரும்பாலும் அதுவே. சிதறலை அகற்றி மட்கிய எரு இட வேண்டும். கிளை நுனியில் பூப்பதால், ஓயாமல் கத்தரிப்பவர் பூவை இழப்பர். ஒரு பூப்பு முடிந்ததும், அடி அகன்றும் முடி சற்றுக் குறுகியும் இருக்குமாறு வெட்டினால், கீழிலைகளுக்கும் வெளிச்சம் கிட்டும். அடுத்த கொத்துக்குச் சில வாரங்கள் பொறுத்திருக்க வேண்டும்.