கைவண்டி நினைவு நடைப்பயணம்: உடையும் காலணியும்

19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்குக் கைவண்டி இழுத்து நடந்த மோர்மன் குடியேறிகளை நினைவுகூர்ந்து, அக்கால உடையில் மேற்கொள்ளப்படும் பயணம் கைவண்டி நினைவு நடைப்பயணம். மோர்மன் சபை என அறியப்படும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்த பதின்ம வயதினர் பெரும்பாலும் கோடையில் மூன்று, நான்கு நாள் இவ்வாறு நடக்கின்றனர். வயோமிங் மாநிலத்தின் மார்ட்டின்ஸ் கோவ் இதற்குப் பேர்பெற்ற இடம்.

1856 முதல் 1860 வரை பத்துக் குழுக்களாக ஏறத்தாழ 3,000 பேர் கைவண்டியோடு சால்ட் லேக் சிட்டிக்குப் போனார்கள். அயோவா சிட்டியிலிருந்து சுமார் 2,100 கிலோமீட்டர். வளர்ந்தவர் ஒருவருக்கு உடை, படுக்கை எல்லாம் சேர்த்து 17 பவுண்டு, அதாவது எட்டுக் கிலோவுக்கும் குறைவான சுமையே அனுமதி. 1856-இல் தாமதமாகப் புறப்பட்ட மார்ட்டின் குழுவினர் களைத்துப்போய், அக்டோபர் நடுவில் டியர் கிரீக் அருகே அதையும் 10 பவுண்டாகக் குறைத்தார்கள். போர்வைகளும் கனத்த உடைகளும் கழித்துப் போடப்பட்டன. அக்டோபர் 19 அன்று நார்த் பிளாட் ஆற்றைக் கடந்ததும் பனி கொட்டத் தொடங்கியது. இக்குழுவிலும், அதே ஆண்டு தாமதமாகப் புறப்பட்ட வில்லி குழுவிலும் சேர்த்து 200-க்கு மேற்பட்டோர் மாண்டனர். மீட்கப் போன வண்டிகளில் மாவோடு காலுறை, காலணி, போர்வைகளும் ஏற்றப்பட்டிருந்தன.

பெண்களின் உடை நீளக்கைச் சட்டை, பாவாடை, பையுள்ள ஏப்ரன், பானெட் தொப்பி. பாவாடை தரையைத் தொட்டால் படத்துக்கு அழகாக இருக்கும். வண்டி தள்ளும்போது காலில் சிக்கும், சக்கரத்திலும் மாட்டும். கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்பதே சரி. உள்ளே அணியும் தளர்ந்த புளூமர்ஸ் காற்சட்டையைப் பலர் வேடத்தின் ஒரு பகுதியாக மட்டும் நினைக்கிறார்கள். வியர்வையில் தொடைகள் உரசிப் புண்ணாகாமல் காப்பதே அதன் பெரிய பயன். பானெட் முகத்துக்கும் பிடரிக்கும் நிழல் தரும். பக்கப் பார்வையை மறைப்பதால், சக்கரத்தை ஒட்டி நடப்பவர் அதைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளிக்கொள்வது நல்லது.

ஆண்களுக்குத் தளர்ந்த முழுக்கால்சட்டை, தோள்வார், பொத்தான் சட்டை, அகல விளிம்புத் தொப்பி. பழைய துணிக் கடையில் ஓர் அளவு பெரிதாக வாங்கிய பருத்திச் சட்டையே போதும். ஜீன்ஸ் வேண்டாம். ரிவெட் அடித்த ஜீன்ஸுக்குக் காப்புரிமை கிடைத்ததே 1873-இல்தான் என்பது வரலாற்றுக் காரணம்; நனைந்தால் கனத்து, உலர நெடுநேரம் எடுப்பது நடைமுறைக் காரணம்.

காலணியில் மட்டும் வரலாற்றை மறந்துவிடலாம். குடியேறிகள் பலர் தேய்ந்த தோல் காலணியோடும், அது கிழிந்தபின் வெறுங்காலோடும் நடந்தார்கள் என்பதற்காக அதைப் பின்பற்ற வேண்டியதில்லை. பழகிய நவீன நடைக்காலணியே ஏற்றது. கடையிலிருந்து நேராகத் தடத்துக்குக் கொண்டுவந்த புது ஷூ முதல் நாளே குதிகாலைப் பதம் பார்க்கும். நடக்க நடக்கப் பாதம் வீங்கும் என்பதால் விரல் நுனிக்கு முன்னால் சிறிது இடம் வேண்டும். ஈரம், சூடு, உராய்வு மூன்றும் கூடினால் கொப்புளம் வரும். பருத்திக் காலுறை வியர்வையை உறிஞ்சித் தோலோடு ஒட்டிவைக்கும். ஆகவே உள்ளே மெல்லிய செயற்கையிழைக் காலுறை, மேலே கம்பளிக் காலுறை என இரண்டு அணிந்தால், தோலில் நிகழவேண்டிய உராய்வு இரு துணிகளுக்கு இடையே நிகழும். ஓரிடம் காந்தத் தொடங்கியதும் வரிசையை நிறுத்தியாவது பசைப்பட்டி ஒட்டவேண்டும். வெட்கப்பட்டுப் பொறுத்துக்கொள்பவரை மாலையில் வண்டியில் ஏற்றித் தள்ள நேரும். வயோமிங் புல்வெளியில் சப்பாத்திக்கள்ளி உண்டு, ஆகவே திறந்த செருப்பு முகாமுக்கு மட்டும். ஆறு கடக்கப் பழைய ஜோடி ஒன்று தனியாக இருக்கட்டும்.

வேடப் பொருத்தத்தைவிட வெப்பத்துக்கு மதிப்பளிக்க வேண்டும். 2016-இல் ஓக்லஹோமாவில் இத்தகைய நடையில் பங்கேற்ற பெண் ஒருவர் வெப்பத் தாக்கத்தால் இறந்தார். கடும் வெயிலில் உள்பாவாடை அடுக்குகளும் கையில்லா மேற்சட்டையும் மூட்டையிலேயே இருக்கலாம். வயோமிங் மேட்டுநிலத்தில் கோடை இரவும் குளிரும். கம்பளிச் சட்டை, மழைக்கோட்டு, உறங்குவதற்கென்றே ஒதுக்கிய உலர்ந்த காலுறை ஆகியவற்றை நீர்புகாப் பையில் கட்டி வண்டியின் மேற்புறம் வைப்பது வழக்கம்.