படத்தொகுப்பு மேசையும் மலையகமும்: திரைப்படக் கல்வி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கண்டி நகரிலோ அதனைச் சூழ்ந்த மலைப்பிரதேசத்திலோ இன்று ஒரு மாணவர் வகுப்பறைக் கணினியின் முன் அமர்ந்து வீடியோப் படத்தொகுப்புக் கற்கத் தொடங்கும்போது, காட்சியை எங்கே வெட்டுவது, எதனோடு இணைப்பது என்பதே அவருக்குரிய முதற் பாடமாகிறது. தொழில்நுட்பம் சார்ந்த எளிய பாடமாகவே இது பொதுவிற் கொள்ளப்படுகின்றது. ஆயின், எங்கே வெட்டுவது என்று தீர்மானிக்கும் அதிகாரம் இம்மலைகளைப் பொறுத்தவரை யாரிடம் இருந்துவந்துள்ளது என்ற வினாவை எழுப்பின், இப்பாடம் அத்துணை எளியதன்று என்பது புலனாகும். அவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திரைப்பட உற்பத்தியில் நடிப்பும் ஒளிப்பதிவும் எல்லோர் கண்ணிலும் படுவன. படத்தொகுப்போ மறைந்து நிற்பது. 35 மில்லிமீற்றர் படச்சுருள் செக்கனுக்கு 24 சட்டகங்கள் வீதம் ஓடுவது. ஒரு நிமிடக் காட்சிக்கு 90 அடிச் சுருள் வேண்டும். பிடிக்கப்பட்ட சுருள்களிற் பெரும்பகுதியைக் கழித்து, எஞ்சியவற்றை ஒழுங்குபடுத்தி ஒட்டுபவரே, பார்ப்போர் எதனை எதற்குப் பின் காணவேண்டும், எவ்வளவு நேரம் காணவேண்டும் என்பவற்றை நிர்ணயிக்கிறார். கொழுந்து கிள்ளும் கையை அடுத்துத் துரையின் பங்களா வரின் ஒரு பொருள். அதே கையை அடுத்துப் பனிமூடிய மலை வரின் மற்றொரு பொருள்.

இவ்வுண்மையை முறையான கல்வியாக வளர்த்தெடுத்தவர்கள் புரட்சிக்குப் பிந்திய ரஷ்யக் கலைஞர்களாவர். 1919இல் மொஸ்கோவில் அரச திரைப்படப் பாடசாலை நிறுவப்பட்டது. அங்கு லெவ் குலெஷோவின் பட்டறையில் பயின்றோருக்குப் படச்சுருள் அரிதாகவே கிடைத்தது. அப்பஞ்சமே ஒரு கல்விமுறையைத் தோற்றுவித்தது. மாணவர்கள் சுருளின்றியே காட்சிகளை நடித்துப் பயின்றனர். பழைய படங்களைத் துண்டாடி மறுபடி ஒட்டிப் பார்த்தனர். ஒரே முகத்தை வெவ்வேறு காட்சிகளோடு இணைத்தபோது பார்ப்போர் அம்முகத்தில் வெவ்வேறு உணர்ச்சிகளைக் கண்டனர் என்ற குலெஷோவின் முடிவு இன்றும் படத்தொகுப்பு வகுப்புகளின் தொடக்கப் பாடமாக உள்ளது. முகம் மாறவில்லை, அதனை அடுத்து வைத்தவனின் தீர்மானமே மாறிற்று என்பது மனங்கொள்ளத்தக்கது.

கண்டி மலைநாட்டின் முகத்தை முதன்முதலில் உலகறியச் செய்த திரைப்படம் பசில் ரைற் 1934இல் உருவாக்கிய 'சோங் ஒஃப் சிலோன்' எனலாம். இலங்கைத் தேயிலைப் பிரசார சபை அதற்குப் பணம் வழங்கியது. ஜோன் கிரியர்சனின் தலைமையில் இயங்கிய பிரித்தானியத் தபாற்றிணைக்களத் திரைப்படப் பிரிவு அதனை நிறைவு செய்தது. படம் இங்கே பிடிக்கப்பட்டது, இலண்டனில் தொகுக்கப்பட்டது, இசையும் ஒலியும் அங்கேயே சேர்க்கப்பட்டன. கொழுந்து இங்கே கிள்ளப்பட்டு ஏலம் மின்சிங் வீதியில் நிகழ்ந்த அதே பொருளாதார ஒழுங்கிலிருந்து இத்திரைப்படத்தின் உற்பத்திமுறை வேறுபட்டதன்று. மூலப்பொருளாகப் பிம்பம் ஏற்றுமதியாயிற்று. அதன் பொருள் அங்கே தயாரிக்கப்பட்டது.

அப்படத்தின் விளக்கவுரை மேலும் நுணுகி நோக்கத்தக்கது. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறைப்பட்டிருந்த ரொபேர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலிலிருந்து எடுக்கப்பட்ட பகுதிகளைக் கொழும்பைச் சேர்ந்த நிழற்படக் கலைஞர் லயனல் வென்ற் வாசிக்கிறார். பதினேழாம் நூற்றாண்டு நூலொன்றில் தோட்டத் தொழிலாளர் இடம்பெற முடியாது. கோப்பித் தோட்டங்கள் பெருகியதே பத்தொன்பதாம் நூற்றாண்டில். ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டது 1867இல். ஆகவே கொழுந்து கிள்ளும் பெண்கள் திரையில் தோன்றினும், உரைக்கு அவர்களைத் தெரியாது. அவர்கள் தென்னிந்தியாவிலிருந்து எவ்வாறு கொணரப்பட்டனர், கங்காணியின் கடன் அவர்களை எவ்வாறு பிணித்தது என்பன அதில் இல்லை. சிவனொளிபாதமலை யாத்திரையும் கண்டி நடனமும் படத்தின் முதலிலும் முடிவிலும் நின்று 'தொன்மை இலங்கை'யை நிறுவுகின்றன. தொழிலாளர் இடையில் வந்து மறைகின்றனர்.

எனினும், இப்படத்தை வெறும் விளம்பரமெனத் தள்ளுவது கொச்சைப் பொருள்முதல்வாதமாகவே முடியும். அதன் மூன்றாம் பகுதியில் உழைப்போரின் காட்சிகள்மீது சந்தை விலைகளும் கப்பற் செய்திகளும் கலந்தொலிக்கின்றன. உழைப்புக்கும் வணிகத்துக்குமுள்ள உறவை அவ்விணைப்பு ஒரு கணம் அம்பலப்படுத்துகிறது. விற்பனைக்காகப் பணம் கொடுத்தவர்கள் எதிர்பாராத பொருளைப் படத்தொகுப்பு பிறப்பித்தது. கருவியானது அதன் உடைமையாளருக்கு முற்றாகக் கட்டுப்பட்டதன்று என்பதற்கு இது தக்க சான்று.

சுதந்திரத்தின்பின் நிலைமை எவ்வாறு மாறியது? 1948ஆம் ஆண்டு இருவகையில் இங்கு முக்கியமானது. அவ்வாண்டிலேயே அரசாங்கத் திரைப்படப் பிரிவு தோற்றுவிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தொழிலாளரிற் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. தேசத்தைப் படம்பிடிக்கும் நிறுவனமும், அத்தேசத்தில் யார் அடங்குவர் என வரையறுத்த சட்டமும் ஒரே வர்க்கத்தின் ஒரே காலத்துச் செயல்களாகும்.

திரைப்படப் பிரிவு பெயரளவில் பாடசாலை அன்று. நடைமுறையில் இலங்கையின் முதலாவது திரைப்படப் பாடசாலையாக அதுவே அமைந்தது. ரல்ஃப் கீன் போன்ற பிறநாட்டு நெறியாளரின் கீழ் உள்ளூர் இளைஞர் கமராவையும் படத்தொகுப்பையும் கைத்தொழில் போலக் கற்றனர். லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ், ஒளிப்பதிவாளர் வில்லி பிளேக், படத்தொகுப்பாளர் டைற்றஸ் தொட்டவத்த ஆகியோர் அங்கிருந்து வெளியேறி 1956இல் 'ரேகாவ'வை உருவாக்கினர். தென்னிந்திய ஸ்ரூடியோக்களின் போலிக் காட்சிகளை விடுத்துத் திறந்தவெளியில் நாட்டு வாழ்வைக் காட்டிய அப்படம் முற்போக்கான திருப்பமென்பதில் ஐயமில்லை. 'கம்பெரலிய'வின் (1963) படத்தொகுப்பாளரான சுமித்ரா பீரிஸ் இலண்டன் திரைப்படத் தொழில்நுட்பப் பாடசாலையில் முறையாகப் பயின்றவர். இடதுசாரி அரசியலில் அறியப்பட்ட குணவர்த்தன குடும்பத்தில் வந்தவர். ஆண்களே நிறைந்திருந்த துறையில் அவர் பெற்ற இடம் போற்றத்தக்கது. ஆயின் அக்கல்விக்கு ஆங்கிலமும் கடல்கடந்து செல்லும் வசதியும் வேண்டியிருந்தன. அதே காலத்தில் தோட்டப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை ஐந்தாம் வகுப்போடு முடிந்தன என்பதை நினைவுகூர்ந்தால், இடைவெளியின் ஆழம் விளங்கும்.

இதனைச் சிங்களவர்–தமிழர் என்ற இன அடிப்படையில் மாத்திரம் விளக்க முற்படுவது தவறாகும். முதலாவது சிங்களப் பேசும்படமான 'கடவுனு பொறொந்துவ'வை (1947) தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோவின் உரிமையாளர் கே. குணரத்தினமும் தமிழரே. தமிழ்த் தொழில்நுட்பக் கலைஞர் பலர் சிங்களத் திரையுலகிற் பணியாற்றினர். இருந்தும் தமிழ் மூலதனம் தோட்டத் தொழிலாளரைத் தேடிச் செல்லவில்லை. இலாபம் இருந்த இடத்தை நோக்கியே அது சென்றது. பி. எஸ். கிருஷ்ணகுமாரின் 'தோட்டக்காரி' (1963) போன்ற முயற்சிகள் தனிமனித ஆர்வத்தாலேயே எழுந்தன. இனவாதம் தன் பங்கை ஆற்றியது பின்னர். 1983 ஜூலை வன்செயலில் விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. சிங்களப் படங்களை நெறியாள்கை செய்த தமிழரான கே. வெங்கட் கொல்லப்பட்டார். இரு மொழியினரும் ஒருங்கே தொழில்செய்த பட்டறையொன்றும் அத்தீயில் அழிந்தது.

இந்நிலையில் பல்கலைக்கழகம் என்ன செய்தது என்பதும் கேட்கப்படவேண்டியதே. 1960களில் பேராதனையிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தினை மேடையேற்றியபோது, மட்டக்களப்பு அண்ணாவிமார் மரபு வளாகத்துக்குள் வந்தது. கூத்துக்கு வேண்டிய மத்தளமும் தாளமும் ஆட்டமும் மக்களிடமே இருந்தன; ஆகவே அதனைக் கற்பதும் கற்பிப்பதும் சாத்தியமாயின. மலையகத்தில் சி. வி. வேலுப்பிள்ளை, என். எஸ். எம். இராமையா, தெளிவத்தை ஜோசப் போன்ற எழுத்தாளர் தோன்றியமைக்கும் இத்தகைய காரணமுண்டு. பேனாவும் தாளும் தொழிலாளியின் பிள்ளைக்கும் எட்டக்கூடியன. படச்சுருளோ அந்நியச் செலாவணி கொடுத்து இறக்குமதி செய்யவேண்டிய பண்டம். ஓர் இலக்கியம் தோன்றிய மண்ணில் ஒரு சினிமா தோன்றாமைக்கு ஆற்றற் குறைவு காரணமன்று. உற்பத்திச் சாதனங்களின் உடைமையே காரணம்.

கண்டியிற் பிறந்து பேராதனையிற் பயின்ற தர்மசேன பத்திராஜ இவ்விடத்து விதந்து கூறத்தக்கவர். அவர் மாணவராயிருந்த காலத்தில் அங்கு திரைப்படத்துக்கென ஒரு துறை இருக்கவில்லை. யாழ்ப்பாண வளாகத்தில் விரிவுரையாளராயிருந்த காலத்தில், காவலூர் இராஜதுரையின் கதை வசனத்துடன் 'பொன்மணி'யை (1977) அவர் தமிழில் உருவாக்கினார். சாதியையும் சீதனத்தையும் விமர்சித்த அப்படம் வசூலில் தோற்றது. வேறொரு மொழிச் சமூகத்தின் வாழ்வை அதன் உள்முரண்பாடுகளோடு காணும் பயிற்சி கருவியிலிருந்து வருவதன்று, சமூக நோக்கிலிருந்து வருவது என்பதை அவர் நிறுவினார்.

1982 பெப்ரவரியில் ஜப்பானிய உதவியுடன் ரூபவாஹினி தொடங்கியபோது அதன் பிரதான ஒலிபரப்புக் கோபுரம் பிதுருதலாகலை உச்சியில் நிறுவப்பட்டது. கீழேயிருந்த லயன்களிற் பெரும்பாலானவற்றுக்கு அப்போது மின்சாரம் இல்லை. வீடியோ நாடாவின் வருகையோடு படத்தொகுப்பின் செலவு குறைந்தது. ஆயினும் நாடாவிலிருந்து நாடாவுக்குப் பிரதி செய்யும் இயந்திரங்கள் நிறுவனங்களிடமே இருந்தன. 1964 ஒப்பந்தத்தின்படி 525,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டியோராகக் கணக்கிடப்பட்டனர். குடும்பம் குடும்பமாகப் புகையிரதத்திலேறிப் பிரிந்த மக்களிடம் அப்பிரிவைப் படம்பிடித்து வைப்பதற்கான சாதனம் எதுவும் இருக்கவில்லை. அவ்விழப்பு ஈடுசெய்ய முடியாதது.

இன்றோ கைத்தொலைபேசியே கமராவாகவும் படத்தொகுப்பு மேசையாகவும் உள்ளது. தொடர்பாடலும் ஊடகக் கற்கைகளும் உயர்தர வகுப்புப் பாடமாகியுள்ளது. வரலாற்றில் முதன்முறையாகத் தோட்டத்துப் பிள்ளையின் கைக்கும் கத்தரி எட்டியிருக்கிறது. இதனாற் பிரச்சினை தீர்ந்துவிட்டதா? இல்லை. கருவி பரவலாவதும் அதனைப் பயன்படுத்தும் நோக்குப் பரவலாவதும் ஒன்றல்ல. திருமண வீடியோவுக்கும் விளம்பரத்துக்கும் வேண்டிய மலிவான தொழிலாளரை உருவாக்குவதோடு கல்வி நின்றுவிடின், மாணவர் மீண்டும் பிறருடைய பொருளையே ஒட்டுபவராவார்.

இங்கு சோவியத் படத்தொகுப்பாளர் எஸ்ஃபிர் ஷூப் வழிகாட்டக்கூடியவர். 1927இல் அவர் உருவாக்கிய 'ரொமானோவ் வம்சத்தின் வீழ்ச்சி' பெரும்பாலும் பழைய செய்திப்படங்களையும், ஜார் குடும்பத்தினர் தமக்கெனப் பிடித்துவைத்த சுருள்களையும் கொண்டது. ஆளும் வர்க்கம் தன் பெருமைக்காக எடுத்த படங்களையே மாற்றி அடுக்கி, அவ்வர்க்கத்தின்மீதான தீர்ப்பாக அவர் ஆக்கினார்.

அம்முறையை நமது வகுப்பறைக்குக் கொண்டுவருதல் கடினமன்று. 'சோங் ஒஃப் சிலோன்' இன்று எளிதிற் காணக்கூடியது. அதன் கொழுந்து கிள்ளும் காட்சிகளை எடுத்து, நொக்ஸின் உரையை நீக்கி, மாணவர் தம் பாட்டியின் குரலைப் பதிவுசெய்து அவற்றோடு இணைக்கட்டும். பெரட்டுக் களம், பறிமுதல், பிரசாவுரிமை, பிரிந்துசென்ற உறவினர் பற்றி அக்குரல் பேசும். எந்த இடத்தில் வெட்டினால் அக்குரல் சிதையும், எந்த இடத்தில் நிறுத்தினால் அது துலங்கும் என்று தீர்மானிக்கும்போது அம்மாணவர் தொழில்நுட்பத்தையும் வரலாற்றையும் ஒருங்கே கற்பார். அம்முதியோரின் தலைமுறை விரைந்து மறைந்துவருகிறது. இப்பயிற்சியைப் பின்போட நமக்குக் காலமில்லை.