அன்னை மீனாம்பாள்: ரங்கூனில் பிறந்து நம் மேடைக்கு வந்தவர்



மீனாம்பாள் என்ற பெயரைச் சொன்னதும் நம் கூட்டங்களில் இரண்டு பதில்கள் உடனே வரும். ஒன்று, "என். சிவராஜ் அவர்களின் துணைவியார்." மற்றொன்று, "பெரியாருக்குப் பெரியார் என்று பட்டம் கொடுத்தவர்." இரண்டும் பொய்யல்ல. ஆனால் ஏறத்தாழ 88 ஆண்டுகள் வாழ்ந்த ஒரு பெண்ணை, அதில் அறுபது ஆண்டுகளுக்கு மேல் பொதுவாழ்வில் இருந்த ஒரு தலைவரை, ஒரு கணவரின் பெயரோடும் ஒரு மாலை நேரத் தீர்மானத்தோடும் முடித்துக்கொள்கிறோம். இந்தக் குறை மற்றவர்களுடையது மட்டுமல்ல, நம்முடையதும்தான். அதனால்தான் இந்த ஆண்டு உரைக்கு அவரை எடுத்துக்கொண்டோம்.

மீனாம்பாள் 1904 டிசம்பர் 26 அன்று ரங்கூனில் பிறந்தார். பாட்டனார் பெ.மா. மதுரைப் பிள்ளை, ரங்கூனில் பெருவணிகர், சொந்தக் கப்பல் வைத்திருந்தவர். புலவர்களுக்கு அவர் கொடுத்த கொடையைப் பாடிய பாடல்கள் 'மதுரைப் பிரபந்தம்' என்று நூலாகவே தொகுக்கப்பட்டன. தந்தை வி.ஜி. வாசுதேவப் பிள்ளை, சென்னை மாநகராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஆதிதிராவிடர். புதுச்சேரிக்காரர்களான நமக்கு இந்தக் கடல் கடந்த கதை புதிதல்ல. சென்னை மாகாணத்து மக்களுக்கு ரங்கூன் எப்படியோ, நம்மூர்க் குடும்பங்கள் பலவற்றுக்கு சைகோன் அப்படி. ஊரில் தெருவுக்குள் நுழைய முடியாதவன், கடலைத் தாண்டியதும் கூலியைக் கையில் எண்ணி வாங்கினான், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினான். எல்லாருக்கும் அது வாய்க்கவில்லை. தோட்டத்திலும் ஆலையிலும் துறைமுகத்திலும் மடிந்தவர்களே அதிகம். தலித்துகள் என்றாலே படிப்பும் பணமும் இல்லாதவர்கள் என்று எழுதிப் பழகிய பேனாக்களுக்கு மதுரைப் பிள்ளையின் வீடு இடறும். இடறட்டும்.

வசதியான வீட்டில் பிறந்து, படித்து, சட்டக்கல்லூரிப் பேராசிரியரான சிவராஜை மணந்த பெண், வீட்டிலேயே இருந்திருக்கலாம். அவர் முதலில் மேடை ஏறியது 1928இல், சைமன் குழுவை ஆதரித்து. இதைச் சற்று நிறுத்திப் பேச வேண்டும். "சைமனே திரும்பிப் போ" என்பதுதான் நம் பள்ளிப் பாடப் புத்தகம். குழுவில் இந்தியர் ஒருவர்கூட இல்லை என்பது காங்கிரசின் குற்றச்சாட்டு. அது நியாயமானதுதான். ஆனால் ஒடுக்கப்பட்டோரின் கணக்கு வேறு. கிராமச் சபையிலும் நகரசபையிலும் உள்ளூர் ஆதிக்கசாதிக்காரர் இருக்கும் இடத்தில் தங்கள் குறையைச் சொல்ல முடியாதவர்களுக்கு, வெளியிலிருந்து ஒருவர் வந்து கேட்கிறார் என்றால் அது ஒரு வாசல். அம்பேத்கர் அந்த வாசலில் போய்ப் புனேயில் சாட்சியம் சொன்னது அதே 1928இல்தான். மீனாம்பாள் சென்னையில் பேசினார். அப்போது அவருக்கு வயது 23. தேசியத்தின் வரலாற்றில் அவருக்கு இடம் கிடைக்காமல் போனதற்கு அந்த முதல் பேச்சே போதுமான காரணம் என்று நாங்கள் நினைக்கிறோம்.

இனி அந்தப் பட்டம். 1938 நவம்பர் 13, சென்னை ஒற்றைவாடை நாடகக் கொட்டகையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு. கட்டாய இந்தியை எதிர்த்துப் பெண்கள் சிறைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். மறைமலையடிகளின் மகள் நீலாம்பிகை அம்மையார் தலைமை. தருமாம்பாள், மூவலூர் இராமாமிர்தம், மீனாம்பாள் ஆகியோர் அந்தப் போராட்டத்தின் முன்வரிசையில் நின்றவர்கள். ஈ.வெ.ரா.வைப் 'பெரியார்' என்றே அழைக்க வேண்டும் என்ற தீர்மானத்தைப் பெண்கள் கூடி நிறைவேற்றினார்கள். மீனாம்பாள் தனியொருவராகக் கொடுத்தார் என்று நம் சுவரொட்டிகளில் அச்சிடுகிறோம், அது மிகை. பல சாதிப் பெண்கள் சேர்ந்து எடுத்த முடிவில் ஒரு தலித் பெண் தலைவர் சமமாக நின்றார் என்பதே பெரிய செய்தி, அதைப் பெருக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் போராட்டத்தில் கைதாகி 1939 ஜனவரியில் உயிர்விட்ட நடராசன் நம்மவர் என்பதையும் இங்கே சேர்த்து நினைப்போம்.

அவருடைய உழைப்பின் நடுப்பகுதி அகில இந்திய பட்டியல் சாதிகள் கூட்டமைப்போடு சேர்ந்தது. 1942இல் நாக்பூரில் தொடங்கிய அந்த அமைப்புக்கு சிவராஜ் தலைவர். தென்னிந்தியக் கூட்டமைப்புக்குத் தலைமை தாங்கிய முதல் பெண் மீனாம்பாள். 1944 செப்டம்பரில் அம்பேத்கர் சென்னை வந்தபோது பெண்கள் மாநாட்டுக்கு அவர் தலைமை. அடுத்த ஆண்டு மே மாதம் பம்பாயில் கூட்டமைப்பு கூடியபோது, அங்கு நடந்த பெண்கள் மாநாட்டுக்கும் அவரே தலைமை. மராத்தியப் பெண்கள் திரண்டிருந்த அரங்கில் சென்னையிலிருந்து போன ஒரு தமிழ்ப்பெண் தலைமை நாற்காலியில் உட்கார்ந்தார். அம்பேத்கர் அவரைத் தங்கையாகவே பாவித்தார், டெல்லியில் தம் கையாலேயே சமைத்துப் பரிமாறினார் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. இந்தப் பாசக் கதைகள் நமக்கு இனிக்கின்றன. ஆனால் தங்கை என்ற சொல்லுக்குள் ஓர் அமைப்பாளரைத் தொலைத்துவிடக் கூடாது. கூட்டம் கூட்ட வேண்டும், நோட்டீசு அடிக்க வேண்டும், சேரியில் வீடு வீடாகப் போய்ப் பெண்களை அழைக்க வேண்டும், பிள்ளைகளை யாரிடம் விட்டு வருவது என்று அவர்கள் கேட்டால் பதில் சொல்ல வேண்டும். மாநாட்டுத் தலைமை என்பது அந்த ஒரு நாள் நாற்காலி மட்டுமல்ல.

அவர் வகித்த பொறுப்புகள் பல. மாநகராட்சி உறுப்பினர், பல்கலைக்கழக ஆட்சிப்பேரவை உறுப்பினர் என்று பட்டியல் நீளும். நாங்கள் நின்றுபோனது ஒன்றில்: கௌரவ மாஜிஸ்திரேட். ஊதியமில்லாத வேலை, சில்லறை வழக்குகள். பதினாறு ஆண்டுகள் அதில் இருந்தார். நம்மூர்க் கதை ஒன்றை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1873இல் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை காலணியோடு புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் போனதற்காகத் தண்டிக்கப்பட்டு, பாரிஸ் வரை மேல்முறையீடு செய்து வென்றார். 1881இல் வந்த ஆணைப்படி சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக் குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டவர்களில் நம்மவர் ஏராளம். அவர் அதில் முன்னோடி, 'லாபோர்த்' என்று பெயர் எடுத்தவர். ஆனால் அவர் வெள்ளாளர். வெள்ளாளருக்கே காலணிக்குத் தண்டனை என்றால், சேரிக்காரர் அந்த வாசலை எப்படிப் பார்த்திருப்பார்? அதற்குப் பின் இரண்டு தலைமுறைக்குள், நூற்று அறுபது கிலோமீட்டர் வடக்கே, ஒரு தலித் பெண் நீதிமன்றத்தில் உட்கார்ந்திருந்தார், வந்தவர்கள் எந்தத் தெருவாக இருந்தாலும் அவர் முன் நின்றார்கள்.

இந்த வேலைகளையெல்லாம் 'சமூக சேவை' என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல்லில் எங்களுக்குச் சிறு தயக்கம் உண்டு. நமக்குச் சேவை செய்ய வந்தவர்கள் எப்போதும் மேலிருந்து வந்தார்கள். கொடுத்தவர் பெயர் கல்வெட்டில், வாங்கியவர் வரிசையில். மீனாம்பாள் செய்தது தம் மக்களுக்கான பிரதிநிதித்துவம். கருணைக்கும் உரிமைக்கும் உள்ள இடைவெளியை அறிந்தவரின் வேலை அது.

1957இல் கூட்டமைப்பு இந்தியக் குடியரசுக் கட்சியானபோது சிவராஜ் அதன் முதல் தலைவரானார். 1964இல் அவர் மறைந்தார். அதன்பின் 28 ஆண்டுகள் மீனாம்பாள் இருந்தார். அந்த நீண்ட காலத்தைப் பற்றி நம்மிடம் உள்ள எழுத்து மிகக் குறைவு. 1991இல் அம்பேத்கர் நூற்றாண்டு கொண்டாடப்பட்டு, தமிழில் தலித் இலக்கியம் என்ற சொல் இதழ்களில் பரவிய நாட்களிலும் அவர் உயிரோடுதான் இருந்தார். 1992இல் பாமாவின் 'கருக்கு' வெளிவந்தது. அதே ஆண்டு நவம்பர் 30 அன்று மீனாம்பாள் காலமானார். ஆறு நாள் கழித்து, அம்பேத்கர் நினைவு நாளில், அயோத்தியில் மசூதி இடிக்கப்பட்டது. நாட்டின் கண் அந்தப் பக்கம் திரும்பியது.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரங்கூனிலிருந்தோ சைகோனிலிருந்தோ வந்த தகரப்பெட்டி ஏதேனும் உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால், உள்ளே இருப்பதைப் பழைய பேப்பர் கடைக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். கூட்ட நோட்டீசு, சங்க ரசீது, மாநாட்டுப் படம், பாட்டி எழுதிய கடிதம் எதுவானாலும் எங்களிடம் கொண்டு வாருங்கள். படியெடுத்துக்கொண்டு அன்றைக்கே திருப்பித் தருவோம்.