தட்டம்மையும் ஊரின் காவலும்



வரலாறு என்றவுடன் அரசர்களும் போர்களுமே நம் நினைவுக்கு வருகின்றனர். இன்று நான் கூறப்போவது ஒரு சிறு ஊசியின் வரலாறு.

1846-ஆம் ஆண்டு, வட அட்லாண்டிக் கடலிலுள்ள பரோத் தீவுகளில் தட்டம்மை பரவியது. நம் பாட்டிமார் மணல்வாரி என்றழைத்த நோய்தான் அது. ஏறத்தாழ 7,800 மக்களுள் 6,000 பேர் சில திங்களுக்குள் நோயுற்றனர். அதனை ஆராய்ந்த பானும் என்னும் இளம் மருத்துவர் ஒரு விந்தையைக் கண்டார். 1781-இல் அந்நோய் கண்டு பிழைத்திருந்த முதியோரை அது மீண்டும் தீண்டவில்லை. ஒருமுறை பெற்ற காப்பு 65 ஆண்டுகள் நிலைத்திருந்தது! நோயின் துன்பமின்றியே அக்காப்பை அளிக்கும் தடுப்பூசி, 1963-இல் அமெரிக்காவில் வழக்கத்திற்கு வந்தது. 1985-இல் தொடங்கிய நம் நாட்டுத் தடுப்பூசித் திட்டத்திலும் அது இடம்பெற்றது.

இனி நம் பக்கத்துக் கதைக்கு வருவோம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய மூன்றும் 2008-இல் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. அவ்வாண்டு ஏப்ரலில், அம்மாவட்டத்துச் சிற்றூர்ப் பகுதியில் தட்டம்மை ஊசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. தாய்மாரின் நெஞ்சில் அச்சம் குடிபுகுந்தது. அதனைக் குறைகூற எவருக்கு உரிமையுண்டு? தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஒரு வயது நிரம்பிய குழந்தைகளுள் அடிப்படைத் தடுப்பூசிகள் அனைத்தையும் பெற்றவை 2005-06-இல் நூற்றுக்கு 81, 2015-16-இல் 70. இச்சரிவுக்கு அவ்வச்சம் ஒன்றே காரணம் என்று நான் கூறமாட்டேன். எனினும், நம்பிக்கை தளர்ந்தால் காவலும் தளரும் என்பதை மறத்தலாகாது.

2017 பிப்ரவரியில், 9 மாதம் முதல் 15 வயது வரை உள்ளோருக்குத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போடும் முகாம் பள்ளிகளுக்கு வந்தது. அப்பொழுது நான் ஆவடிப் பக்கத்தில் ஒரு பள்ளியின் தலைமையாசிரியன். கைப்பேசியில் உலவிய வதந்திகளை நம்பிப் பெற்றோர் பலர் மறுத்தனர். நான் கடிந்து ஒரு சுற்றறிக்கை அனுப்பினேன், பயனில்லை. தொழிற்சாலையில் பணிபுரியும் ஒரு தந்தை என்னிடம் நேரில் வந்து, "சார், உங்கள் பேரனுக்குப் போட்டாயிற்றா?" என்று வினவினார். போடவில்லை! நாணினேன். அன்று மாலையே அவனுக்கு ஊசி போடச் செய்தேன். மறுநாள் பெற்றோரைக் கூட்டி, கரும்பலகையில் கணக்கிட்டுக் காட்டினேன். காப்பில்லாதோர் நடுவே ஒரு தட்டம்மை நோயாளி 12 முதல் 18 பேர் வரை நோயைப் பரப்பக்கூடும். ஆகவே, நூற்றுக்கு 95 பேரேனும் காப்புப் பெற்றால்தான் ஊர் பிழைக்கும். ஊசி போட இயலாத பச்சிளங்குழந்தையும் அவர்கள் நிழலில் பிழைக்கும். பலர் இணங்கினர், சிலர் இணங்கவில்லை.

2019-21 ஆய்வில் அந்த 70 என்பது 89 ஆக உயர்ந்தது. மகிழ்ச்சியே. ஆயினும் மாநிலத்தின் கணக்கு ஒரு தெருவின் கணக்கு ஆகாது. பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்து வாடகை வீடு மாறும் குடும்பங்கள் நம் பகுதியில் மிகுதி. அங்கே இரண்டாம் தவணை எளிதில் தவறிவிடும்.

மாணவர்களே, இன்று வீடு சென்றதும் தம்பி தங்கையரின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். 9 மாதம் நிறைந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்திற்குள் மற்றொன்று, இரண்டும் உளவா? இல்லையெனில் பெற்றோரிடம் பணிவுடன் நினைவூட்டுங்கள். அதட்டாதீர்கள், அதட்டிப் பயனில்லை என்பதை அறிந்தவன் நான்.