ஞானஸ்நானத்திற்குப் பின்: முத்துக்குளித்துறை தந்த பாடம்



ஜூபிலி என்றதும் கணக்கெடுக்கத் தொடங்கிவிடுகிறோம். இத்தனை ஆண்டுகளில் எத்தனை ஞானஸ்நானம், எத்தனை புதுநன்மை, எத்தனை திருமணம் என்று பதிவேடுகளைப் புரட்டுகிறோம். நல்லதுதான். ஆனால் அதே ஏட்டை வைத்துக்கொண்டு இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டியிருக்கிறது. அதில் பெயர் எழுதப்பெற்றவர்களுள் எத்தனை பேர் இன்றும் நம்மோடு இருக்கிறார்கள்? மாற்றலாகி வந்து, வாடகை வீட்டில் குடியேறி, நாலு ஞாயிறு கோவிலின் பின்புறம் நின்று பூசை கண்டுவிட்டுப் பிறகு காணாமற்போன குடும்பங்களை நம்மில் யார் தேடிப் போனோம்? வரவேற்பது ஒரு நாள் வேலை. தொடர்பு விடாமல் காப்பது ஆயுள் முழுவதும் செய்யும் வேலை. இதைத் திருச்சபை பட்டறிந்தே கற்றது.

ஆதித் திருச்சபையில்

அர்ச். சின்னப்பர் உரோமையருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தைப் பாருங்கள். கெங்கிரேயாவிலிருந்து வரும் பெபேயாள் என்ற சகோதரியை ஏற்று, அவளுக்கு வேண்டிய உதவியைச் செய்யுமாறு முதலில் கேட்டுக்கொள்கிறார். பிறகு ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். ஊர் விட்டு ஊர் போகும் கிறிஸ்தவன் அநாதையாய்ப் போய்விடக் கூடாது என்பது அக்காலத்து வழக்கம்.

ஞானஸ்நானம் பெற வருவோரையும் அவர்கள் உடனே தண்ணீர்த்தொட்டிக்கு அழைத்துச் செல்லவில்லை. நெடுநாள் உபதேசம் உண்டு. வருகிறவருக்காகப் பொறுப்பேற்றுச் சாட்சி சொல்ல ஒரு விசுவாசி உண்டு. இன்றைய ஞானத்தாய், ஞானத்தந்தையர் அந்த வழியில் வந்தவர்களே. நாலாம் நூற்றாண்டில் எருசலேமில் பாஸ்குத் திருநாளன்று ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு அடுத்த வாரம் முழுவதும் ஆயரின் போதனை தொடர்ந்தது. ஏறத்தாழ 400-ஆம் ஆண்டில் அர்ச். அகுஸ்தீனார், கார்த்தேஜ் நகரத்துத் தியாக்கோன் ஒருவருக்காக, புதிதாய் வருவோருக்குப் போதிக்கும் முறை பற்றி ஒரு நூலே எழுதினார். கேட்க வந்தவர் நின்று நின்று களைத்துப்போனால் அவருக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று அதில் அறிவுறுத்துகிறார். எத்தனை பெரிய வேதசாஸ்திரி, எத்தனை சிறிய காரியத்தைக் கவனித்திருக்கிறார்!

ஆறு ஆண்டு இடைவெளி

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1535-ல் முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள் பெருந்துன்பத்தில் இருந்தார்கள். குதிரை வணிகரான ஜான் த குரூஸ் என்ற மலையாளக் கிறிஸ்தவரின் யோசனைப்படி, அவர்களுடைய தூதுவர்கள் கொச்சிக்குச் சென்று போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பையும் ஞானஸ்நானத்தையும் கேட்டார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் சுமார் 30 ஊர்களில் ஏறத்தாழ 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். பதிவேட்டுக் கணக்கு மட்டும் போதுமென்றால் இதைவிட மகத்தான வெற்றி வேறில்லை.

ஆனால் ஞானஸ்நானம் கொடுத்த குருக்கள் அங்கே தங்கவில்லை. 1542 அக்டோபரில் அர்ச். பிரான்சிஸ்கு சவேரியார், தமிழறிந்த மூன்று குருமாணவர்களோடு அக்கரையில் கால் வைத்தபோது கண்டதென்ன? தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர வேறொன்றும் அம்மக்கள் அறியவில்லை என்று அதே மாதம் தூத்துக்குடியிலிருந்து எழுதிய கடிதத்தில் வருந்துகிறார். அவர்களுக்குப் பூசை வைக்க ஆளில்லை. விசுவாச மந்திரம் கற்றுக்கொடுக்க ஆளில்லை. குறை அம்மக்களுடையதன்று. கதவைத் திறந்து அழைத்தவர்கள் உள்ளே வந்தவர்களோடு உட்கார்ந்து பேசவில்லை, அவ்வளவுதான்.

மணியடித்த அடியார்

சவேரியார் முதலில் செய்த வேலை, மொழிபெயர்ப்பு. இருமொழியும் தெரிந்தவர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு சிலுவை அடையாளம், விசுவாச மந்திரம், பத்துக் கற்பனைகள், பரலோக மந்திரம், அருள்நிறை மந்திரம் முதலியவற்றைத் தமிழில் ஆக்கி மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியை எடுத்துத் தெருத்தெருவாய் அடித்துக்கொண்டே போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். ஒரு மாதம் நாளுக்கு இரண்டு வேளை உபதேசம். கற்ற பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்கும் அயலாருக்கும் கற்பித்தார்கள். நோயாளிகள் அழைத்தபோது, தம்மால் போக முடியாத வீடுகளுக்குத் தமது செபமாலையைக் கொடுத்து அப்பிள்ளைகளையே அனுப்பினார்.

ஊரை விட்டுப் புறப்படுமுன் மந்திரங்களின் பிரதி ஒன்றை அங்கேயே விட்டுச் செல்வார். எழுதத் தெரிந்தவர்கள் அதைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டிச் செபம் சொல்ல ஒருவரை ஏற்படுத்துவார். கணக்கப்பிள்ளை, உபதேசியார் என்று நம் முன்னோர் மதித்தவர்கள் இவர்களே. இவர்களுடைய சம்பளத்துக்காக, போர்ச்சுக்கல் அரசியின் பாதரட்சைச் செலவுக்கென்று இக்கரையிலிருந்து போய்க்கொண்டிருந்த 4,000 பணத்தைச் சவேரியார் அரசியிடமே கேட்டு வாங்கினார் என்பது வரலாறு.

1544-ல் வடுகர் படை வந்து தாக்கியபோது குமரிமுனைப் பக்கத்து மக்கள் கடலோரப் பாறைகளில் ஒளிந்து பசியால் தவித்தார்கள். சவேரியார் உணவேற்றிய 20 தோணிகளோடு புறப்பட்டார். எதிர்காற்றால் கரை சேர முடியாமல் பின்னர் தரை வழியே நடந்துபோய்ச் சேர்ந்தார். துணைவரான மான்சிலாசுக்கு அவ்வாண்டில் அவர் எழுதிய கடிதங்களைப் படித்தால் ஒரே கருத்து திரும்பத் திரும்ப வரும்: ஊர் ஊராய்ப் போய்க்கொண்டிரும், மக்களிடம் பொறுமையாய் இரும், பிள்ளைகளுக்குக் கற்பியும். 1548-ல் மணப்பாட்டிலிருந்து குருக்களுக்கு அவர் விட்டுச்சென்ற அறிவுரையும் இதே வழியிலானது.

அவருக்குப் பின் வந்த ஹென்றி ஹென்றிக்கஸ் அடிகள் தமிழை முறையாகக் கற்று, 1600-ல் இறக்கும்வரை இக்கரை மக்களோடேயே வாழ்ந்தார். 1578-ல் கொல்லத்தில் அச்சான அவருடைய 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல்களுள் ஒன்று. குரு இல்லாத ஞாயிறன்றும் மந்திரம் அணையாமல் எரிய வேண்டும் என்ற கவலையில் பிறந்த நூல் அது. நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக அக்கரையில் விசுவாசம் நிலைத்திருப்பது 1536-ன் தண்ணீரால் மட்டுமன்று, பின்னால் நடந்த கால்களாலும்தான்.

ஏடு எதற்கு?

1614-ல் வெளியான உரோமைச் சடங்கு நூல், ஞானஸ்நானம், உறுதிபூசுதல், திருமணம், இறப்பு ஆகிய ஏடுகளோடு 'ஆன்மாக்களின் நிலை' என்ற ஏட்டையும் பங்குக்குருக்கள் வைத்திருக்கப் பணித்தது. வீடு வீடாய்ப் போனாலொழிய அந்த ஏட்டை எழுத முடியாது. நம் பங்கின் குடும்ப ஏடு அதன் வாரிசு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ல் பெரியோருக்கான ஞானோபதேச நிலைகளை மீண்டும் ஏற்படுத்தக் கட்டளையிட்டது. 1972-ல் வெளியான சடங்குமுறை, ஞானஸ்நானத்திற்குப் பின்னும் புதியவரைப் பங்கு மக்கள் அனைவரும் தாங்க வேண்டும் என்கிறது. குருவானவர் மட்டும் என்று அது சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நாம் செய்யத்தக்கவை

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். பூசை முடிந்ததும் தெரியாத முகத்தைக் கண்டால் பெயர் கேட்போம். எந்தத் தெரு என்று கேட்டு, அத்தெருவிலுள்ள நம் குடும்பம் ஒன்றை அறிமுகப்படுத்துவோம். ஒரு மாதத்துக்குள் ஒருமுறை அந்த வீட்டுப்படி ஏறுவோம். இரண்டு ஞாயிறு காணவில்லையென்றால், குற்றம் சொல்லாமல், "உடம்புக்குச் சுகந்தானே?" என்று விசாரிப்போம். நாம் ஞானத்தாய், ஞானத்தந்தையாய் நின்ற பிள்ளைகள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று நினைத்துப் பார்ப்போம். முகவரி தெரியாவிட்டால் இந்த ஜூபிலி ஆண்டிலேயே தேடிக் கண்டுபிடிப்போம். ஊர் மாறிப் போகிறவர்களுக்கு அங்குள்ள பங்குக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தனுப்புவோம். பெபேயாளுக்குச் சின்னப்பர் செய்தது அதுவே.

சவேரியாரின் கையிலிருந்த மணி இன்று நம் கோபுரத்தில் தொங்குகிறது. கோபுரத்து மணி அழைக்கும். தெருவில் இறங்கி நடக்காது. நடக்க வேண்டியவர்கள் நாம்.

புனித சவேரியாரே, எங்கள் பங்குக்காக வேண்டிக்கொள்ளும்.