நாலு ஸ்க்ரூ

எதிர்வீட்டு மனையில் கட்டட வேலைக்காகக் கொட்டியிருந்த கருங்கல் குவியலில்தான் என் டிரக் முதன்முதலாக மாட்டிக்கொண்டது. நிஜ டிரக் இல்லை; பத்தில் ஒரு பங்கு அளவில், பேட்டரியில் ஓடும் ரிமோட் கண்ட்ரோல் டிரக். இடது பின்சக்கரம் காற்றில் தொங்கிக்கொண்டு விர்ரென்று சுற்றியது. வலது பின்சக்கரம் கல்லை நன்றாகப் பிடித்திருந்தது, ஆனால் அசையவில்லை. முன்பக்கமும் இதே கதை. பேட்டரி முழுசாக இருக்கிறது, மோட்டார் ஓடுகிறது, நாலு சக்கரத்துக்கும் இணைப்பு இருக்கிறது. வண்டி மட்டும் போகவில்லை.

கூட ஓட்டும் நண்பன் சிரித்தான். "டிஃப்பை லாக் பண்ணிடுடா. உள்ள எபாக்ஸியை ஊத்தி மூடு. அஞ்சு நிமிஷ வேலை."

அவன் தன் வண்டியில் அப்படித்தான் செய்திருக்கிறான். ஆனால் எபாக்ஸி இறுகிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. டிஃப் என்று அவன் செல்லமாகச் சொன்னது டிஃபரன்ஷியலை. கல்லூரியில் இரண்டாம் வருடம் அதன் படத்தை எத்தனை முறை வரைந்திருக்கிறேன்! அதைப் பசை ஊற்றிக் கொல்லும் முன், இது எதற்காக வந்தது என்று ஒருமுறை பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

வண்டி திரும்பும்போது வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிக தூரம் போகவேண்டும். எவ்வளவு அதிகம்? இரண்டு சக்கரங்களுக்கும் இடைவெளி 1.5 மீட்டர் என்றால், ஒரு முழு வட்டம் அடிப்பதற்குள் வெளிச்சக்கரம் சுமார் 9.4 மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கும். வட்டம் சின்னதா பெரியதா என்பதே கணக்கில் வராது. மைதானத்தைச் சுற்றினாலும் மரத்தைச் சுற்றினாலும் அதே 9.4 மீட்டர்தான். 20 சென்டிமீட்டர் இடைவெளி உள்ள என் டிரக்குக்கு இது ஏறக்குறைய 1.25 மீட்டர்.

மாட்டுவண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் அச்சு சுற்றுவதில்லை. கடையாணிக்கு உள்பக்கம் ஒவ்வொரு சக்கரமும் தன்பாட்டுக்குச் சுற்றுகிறது. இழுப்பது மாடு, சக்கரம் வெறுமனே உருள்கிறது. சக்கரத்தையே பிடித்துச் சுற்றி வண்டியை ஓட்டவேண்டும் என்று வந்தபோதுதான் சிக்கல் ஆரம்பித்தது.

ரயில் இதை வேறுவிதமாகத் தாண்டியது. ரயிலில் இரு சக்கரங்களும் அச்சும் ஒரே துண்டுபோல இறுக்கப்பட்டவை. அதாவது நண்பன் சொன்ன லாக். ஆனால் சக்கரத்தின் விளிம்பு தட்டையாக இல்லாமல் லேசாகக் கூம்பு வடிவில் இருக்கும்: உள்பக்கம் விட்டம் அதிகம், வெளிப்பக்கம் குறைவு. வளைவில் மொத்த அச்சும் கொஞ்சம் வெளிப்பக்கமாக நகரும். உடனே வெளிச்சக்கரம் தன் பெரிய விட்டத்திலும், உள்சக்கரம் சின்ன விட்டத்திலும் உருள ஆரம்பித்துவிடும். ஒரே சுற்றில் வேறு வேறு தூரம். அழகான யோசனைதான், ஆனால் தண்டவாளம் வேண்டும். சாலைக்கு உதவாது.

சாலைக்கான பதிலை 1820களின் கடைசியில் பிரான்சில் ஒனசிஃபோர் பெக்கர் ஒரு நீராவி வண்டிக்காகப் பதிவு செய்தார். அடிப்படையில் அவர் கடிகார வேலை தெரிந்தவர். அச்சை நடுவில் இரண்டாக வெட்டி, வெட்டிய முனைகளில் ஒவ்வொரு கூம்புப் பல்சக்கரம். நடுவே இரண்டையும் தொட்டபடி சின்னப் பல்சக்கரங்கள். இவை எல்லாவற்றையும் சுமக்கும் கூட்டைத்தான் எஞ்சின் சுற்றும். வண்டி நேராகப் போனால் சின்னவை தம்மைத்தாமே சுற்றிக்கொள்ளாது. எல்லாமே ஒரு கட்டியாகச் சுழலும். திரும்பினால் சின்னவை உருண்டு, ஒரு பக்கம் குறைத்த வேகத்தை மறுபக்கத்துக்குக் கொடுக்கும். இரண்டு சக்கரங்களின் வேகத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் எப்போதும் கூட்டின் வேகம் வரும்.

ஐம்பது வருடம் கழித்து, 1877இல், இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஜேம்ஸ் ஸ்டார்லி இதையே மூன்று சக்கர மிதிவண்டிக்குக் கொண்டுவந்தார். தையல் மெஷினில் தொடங்கி மிதிவண்டிக்கு வந்தவர் அவர். மகனோடு அருகருகே உட்கார்ந்து மிதிக்கும் வண்டியில் போனபோது, ஆளுக்கொரு சக்கரம் என்பதால், மகன் பலமாக மிதிக்க வண்டி ஒருபக்கமாக இழுத்துப்போய் இருவரையும் கீழே தள்ளியது என்று ஒரு கதை உண்டு. இரண்டு பேர் உழைப்பையும் ஒன்றாகச் சேர்த்து, இரண்டு சக்கரத்துக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்க ஒரு பொருள் வேண்டியிருந்தது. 1886இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை வாங்கிய மோட்டார் வண்டியிலும் டிஃபரன்ஷியல் இருந்தது. அதன்பின் அது இல்லாத காரை நினைத்துப் பார்ப்பதே கஷ்டமாகிவிட்டது.

சரி, அப்புறம் ஏன் என் டிரக் கல்லில் நின்றது?

அந்தச் 'சமமாக' என்ற வார்த்தையில்தான் வினை இருக்கிறது. டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவு முறுக்குவிசையைத் தருகிறது. காற்றில் தொங்கும் சக்கரத்தைச் சுற்ற எவ்வளவு விசை தேவை? ஏறக்குறைய ஒன்றுமில்லை. அப்படியென்றால் கல்லைப் பிடித்திருக்கும் சக்கரத்துக்கும் அதே ஒன்றுமில்லைதான். நிற்கும் சக்கரம் விட்டுக்கொடுத்த வேகத்தையும் சேர்த்துக்கொண்டு, தொங்கும் சக்கரம் இருமடங்கு வேகத்தில் சுற்றும். இதில் பழுது எதுவும் இல்லை. அது தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது.

லாக் செய்த அச்சு இதற்கு நேர் எதிர். அங்கே சமமாக இருப்பது வேகம். விசை பிடிப்பு உள்ள பக்கம் போகும்; தேவைப்பட்டால் மொத்தமும் ஒரே சக்கரத்துக்குப் போகும். விலை என்ன? திரும்பும்போது அந்தக் கூடுதல் தூரத்தை டயர்தான் தேய்ந்து ஈடுகட்ட வேண்டும். வண்டி நேராகப் போகவே பார்க்கும், திரும்பும் வட்டம் பெரிதாகும். முழுச் சுமையும் ஒரு பக்க அச்சில் விழும்போது அது முறுக்கி உடையவும் வாய்ப்பு உண்டு.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்வதற்குப் பல வருடம் முன்பே என் மாமா காட்டியிருக்கிறார். சேற்றுழவில் டிராக்டரின் ஒரு சக்கரம் வழுக்கிச் சுற்றினால் குதிகாலால் ஒரு பெடலை மிதிப்பார். டிஃபரன்ஷியல் லாக். வண்டி உறுமிக்கொண்டு வெளியே வரும். வந்ததும் காலை எடுத்துவிடுவார். "இதை மிதிச்சுக்கிட்டே திருப்பக் கூடாது மாப்ள. நீ ஸ்டியரிங்கை எவ்ளோ ஒடிச்சாலும் வண்டி நேரா வரப்புலதான் போய் ஏறும்." பத்து வயதில் எனக்கு அந்தப் பெடல்தான் டிராக்டரின் ரகசியம் மாதிரி தெரிந்தது. காலை எடுப்பதுதான் ரகசியம் என்று அப்போது புரியவில்லை.

இருபதாம் நூற்றாண்டு முழுக்க எஞ்சினியர்கள் இந்த இரண்டு முனைகளுக்கு நடுவேதான் அலைந்தார்கள். 1930களில் ஆட்டோ யூனியன் நிறுவனத்துக்காக ஃபெர்டினாண்ட் போர்ஷ வடிவமைத்த 16 சிலிண்டர் பந்தயக் காரில் பின்சக்கரம் ஒன்று சும்மா சுற்றித் தொலைத்தது. இசட்.எஃப். நிறுவனம் ஓரளவுக்குமேல் நழுவவிடாத டிஃபரன்ஷியலைச் செய்துகொடுத்தது. 1956இல் கலிஃபோர்னியாவில் பிறந்த கோ-கார்ட் பந்தய வண்டிகள் இன்றும் டிஃப்பே இல்லாமல், திரும்பும்போது உள்பக்கப் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிச் சமாளிக்கின்றன. இன்றைய கார்களில் கணினி, வழுக்கும் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட்டு மறுபக்கத்துக்கு விசையை அனுப்புகிறது.

ரிமோட் டிரக்குகள் இந்த வரலாற்றைச் சின்ன அளவில் மறுபடி ஒருமுறை வாழ்ந்தன. ஜப்பானின் டாமியா 1987இல் கிளாட் பஸ்டர் என்ற மான்ஸ்டர் டிரக்கைக் கொண்டுவந்தது. அச்சுக்கு ஒரு மோட்டார், நாலு சக்கரமும் திரும்பும், அச்சுகளில் டிஃபரன்ஷியல். அதைப் பாறை ஏறும் வண்டியாக மாற்றியவர்கள் முதலில் கைவைத்தது அந்த டிஃப்பில்தான். பாறைமேல் ஏதாவது ஒரு சக்கரம் எப்போதும் அந்தரத்தில்தான் இருக்கும். வேகம் குறைவு, எடையும் குறைவு. டயர் கொஞ்சம் தேய்ந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. பிறகு ஆக்சியலின் எஸ்.சி.எக்ஸ்.10 மாதிரி வண்டிகள் கம்பெனியிலிருந்தே லாக் செய்த அச்சோடு வந்தன. வேகமாக ஓடும் பந்தய பக்கிகள் வேறு வழியில் போயின: டிஃப்புக்குள் சிலிக்கான் எண்ணெய். மெல்லிய எண்ணெய் என்றால் தாராளமாக நழுவும், தேன்போலக் கெட்டியானது என்றால் பாதி லாக். 2017இல் டிராக்சஸின் டி.ஆர்.எக்ஸ்.-4 வந்தது. கையில் இருக்கும் ரிமோட்டில் ஒரு சுவிட்ச். வண்டிக்குள் ஒரு சின்ன சர்வோ மோட்டார் கேபிளை இழுத்து டிஃப்பைப் பூட்டும், திறக்கும். மாமாவின் குதிகால்தான், பொம்மை அளவில்.

லாக்கா டிஃப்பா என்று பார்த்தால் இந்த இருநூறு வருடத்தில் யாரும் ஜெயிக்கவில்லை. முடிவெடுக்கும் நேரத்தைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார்கள்: தொழிற்சாலையிலிருந்து பட்டறைக்கு, பட்டறையிலிருந்து வயலுக்கு, வயலில் ஓட்டுபவரின் காலுக்கு. தரை எப்படி இருக்கிறது என்று அங்கே நிற்பவருக்குத்தானே தெரியும்?

என் டிரக்கில் அந்த சுவிட்ச் இல்லை, அதற்குப் பணமும் இல்லை. ஆனாலும் எபாக்ஸி ஊற்றவில்லை. பின் அச்சுக்கு மட்டும் ஸ்பூல் என்கிற ஒரே துண்டு இரும்பு வாங்கி மாட்டினேன். நாலு ஸ்க்ரூ. கழற்றிய டிஃப்பைத் துடைத்து, கிரீஸ் தடவி, ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு வைத்தேன். முன் அச்சைத் தொடவில்லை. கொஞ்சமாவது திரும்ப வேண்டுமே. மொட்டைமாடியில் பழைய வட்டத்தைச் சாக்பீஸால் வரைந்து ஓட்டிப் பார்த்தேன். வண்டி கோட்டைத் தாண்டி ஒரு சாண் வெளியே போனது. அதே மாலை கருங்கல் குவியலில், முன்சக்கரம் ஒன்று காற்றில் சுற்றிக்கொண்டிருக்க, பின்சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து உந்தி மேலே ஏற்றிவிட்டன.

ஆறு மாதத்தில் அந்தக் கல் எல்லாம் அஸ்திவாரத்துக்குள் போய், வீடு எழும்பி, வாசலில் வழவழவென்று சிமெண்ட் தரையும் போட்டுவிட்டார்கள். அந்த வீட்டுப் பையன் ரிமோட்டைக் கேட்டான். கொடுத்தேன். திருப்பத்தில் டயர் கிறீச்சிட்டு வண்டி துள்ளித்துள்ளிப் போனது. "அங்கிள், இது திரும்பவே மாட்டேங்குது" என்றான்.

அன்று இரவு மாத்திரை டப்பாவைத் தேடி எடுத்தேன்.