கட்டும் இல்லை, மரமும் இல்லை

காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி சாலையில் வடக்கே போனால் கோட்டுச்சேரி. அங்கிருந்து கிழக்கே திரும்பினால் கோட்டுச்சேரிமேடு. அதற்கப்பால் கடல்தான். நான் போன காலையில் மணலில் ஃபைபர் படகுகள் வரிசையாக மூக்கை நிமிர்த்திக்கொண்டு கிடந்தன. எஞ்சினைக் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு ஒருவர் போனார். வரிசைக்கு அப்பால், யாரும் சீண்டாத ஓரத்தில், உப்பேறி வெளுத்த நான்கு மரங்கள் தனித்தனியாகக் காய்ந்துகொண்டிருந்தன. நடுவில் வைக்கும் மரம் மற்றவற்றைவிட நீளம். முன்முனை சீவப்பட்டு லேசாக மேலே வளைந்திருந்தது. பக்கத்தில் ஒரு கயிற்றுச் சுருள்.

வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம், “இது கட்டுமரமா ஐயா?” என்று கேட்டேன்.

“மரம்” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “கட்டுனாத்தான தம்பி கட்டுமரம்? இப்ப அவுத்துல்ல போட்டுருக்கு” என்றார்.

பள்ளியில் வினைத்தொகைக்கு ஊறுகாயையும் சுடுகாட்டையும் சொல்லிக் கொடுத்தார்கள். ஊறிய, ஊறுகின்ற, ஊறும் காய். இந்தச் சொல்லைச் சொல்லிக் கொடுத்திருந்தால் இலக்கணம் இன்னும் நன்றாக மண்டையில் ஏறியிருக்கும். கட்டிய மரம், கட்டுகின்ற மரம், கட்டும் மரம் என்று மூன்று காலமும் இதற்கு நிஜமாகவே உண்டு. கடலுக்குப் போகும்போது கட்டுவார்கள், கரைக்கு வந்ததும் அவிழ்த்து, நீர் குடித்துக் கனத்துப்போன மரங்களைத் தனித்தனியாக மணலில் இழுத்துப் போட்டுக் காய வைப்பார்கள், மறுபடி கட்டுவார்கள். ஆணி கிடையாது. மரத்துக்கும் மரத்துக்கும் இடையே தண்ணீர் புகுந்து புறப்படும் என்பதால் இறைத்து ஊற்றும் வேலையும் கிடையாது. உடைந்து விழும் அலையில் சாதாரணப் படகு நிரம்பிக் கவிழும் இடத்தில் இது நனைந்துகொண்டே மேலே வந்துவிடும். துறைமுகம் இல்லாத நீண்ட மணற்கரைக்கு இதைவிடப் பொருத்தமான கலம் இல்லை.

சங்கப் பாடல்களில் மீனவர்கள் ஏறிச் செல்வது திமில். ஆற்றில் மிதப்பது புணை. புணை என்ற சொல்லுக்குத் தெப்பம் என்றும் பொருள், ஜாமீன் என்றும் பொருள். இரண்டுக்குள்ளும் இருப்பது பிணைப்பு. சொற்கள் மாறினாலும் கட்டுகிற எண்ணம் பழையதுதான்.

இந்தக் கரையைப் பார்த்த வெளியூர்க்காரர்களுக்கு முதலில் கண்ணில் பட்டதும் இதுதான். 1583இல் வெனிஸ் நகைவணிகர் காஸ்பரோ பால்பி, ஏழு உருண்டை மரங்களைச் சேர்த்துக் கட்டிய ஒரு கலத்தை விவரித்து, அதற்கு ‘கட்டமெரோனி’ என்பதுபோல ஒரு பெயரையும் எழுதி வைத்தார். 1673 வாக்கில் ஆங்கில மருத்துவர் ஜான் ஃப்ரையர் சோழமண்டலக் கரையோரம் வரும்போது இவை தம் கப்பலை நெருங்கி வந்ததைக் குறிக்கிறார். வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலிலும் சொல் இருக்கிறது. பிரெஞ்சில் ‘கத்திமரோன்’ ஆயிற்று. அதுவரை எவர் எழுதினாலும் சொல்லும் பொருளும் ஒன்றாகவே இருந்தன: கட்டிய மரங்கள், மேலே ஒரு மனிதன்.

பிரிவு தொடங்கியது ஒரு போரில். அதுவும் நீர்மூழ்கிக் கப்பல்காரர் ஒருவர் கையில்.

ராபர்ட் ஃபுல்டன் அமெரிக்கர். பிரான்சுக்குப் போய், 1800இல் ‘நாட்டிலஸ்’ என்ற நீர்மூழ்கியைக் கட்டி, அதை நெப்போலியனின் அரசிடம் விற்கப் பார்த்தார். பிரெஞ்சுக்காரர்களுக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. ஃபுல்டன் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி எதிரியிடமே போய்விட்டார். லண்டனில் பிரதமர் பிட் அவரை வேலைக்கு அமர்த்தினார். ஆங்கிலேயருக்கு நீர்மூழ்கி வேண்டாம். பூலோன் துறைக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த பிரெஞ்சுப் படகுகளைத் தகர்க்க ஏதாவது வேண்டும். அவர் செய்து கொடுத்தது ஈயத்தகடு பதித்த, ஏறக்குறைய 21 அடி நீளமுள்ள பெட்டி. உள்ளே வெடிமருந்து, கூடவே ஒரு கடிகாரப் பொறி. எடை ஏற்றி, மேல்தளம் நீர்மட்டத்தோடு சமமாக இருக்கும்படி மிதக்கவிட்டு, எதிரியின் நங்கூரக் கயிற்றில் மாட்டிவிட்டு வந்துவிட வேண்டும். இந்தப் பெட்டிகளுக்கு ஆங்கிலக் கடற்படை வைத்த பெயர் ‘கேட்டமரான்’.

1804 அக்டோபர் 2ஆம் தேதி இரவு அந்தத் தாக்குதல் நடந்தது. சத்தம் பெரிது, சேதம் சிறிது. ஒரு சிறு பிரெஞ்சுப் படகு போனதைத் தவிரச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த இரவை எனக்கு விட மனமில்லை. பிரான்சுக்கு எதிராக இங்கிலாந்து வீசிய ஆயுதத்துக்குப் பெயர் நம் கடற்கரைச் சொல். இந்தக் கரையில் பிரெஞ்சுக்காரர்கள் 1739இலிருந்து வைத்திருந்த காரைக்கால் அப்போது ஆங்கிலேயர் கையில் இருந்தது. சண்டை மூள்வதும் ஊர் கைமாறுவதும் அந்தக் காலத்தில் வாடிக்கை.

இன்னொரு சின்ன விவரம் அங்கே இருக்கிறது. பெட்டியை இழுத்துப் போகும் ஆளுக்கென்று தனியாக ஒரு மிதவையும் செய்திருந்தார்கள். ஏறக்குறைய 9 அடி நீளத்தில் இரண்டு மரங்கள் இணையாக, நடுவே இடைவெளி. அந்த இடைவெளியில் ஒரு குறுக்குக் கட்டை. அதில் கறுப்பு உடை போட்ட ஆள் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து துடுப்பு போடுவான். நம் ஊர் மரத்தில் இடைவெளி கிடையாது, மரங்கள் ஒட்டித்தான் கிடக்கும். இன்று உலகம் முழுக்க ‘கேட்டமரான்’ என்றால் இரண்டு உடல், நடுவே காலி இடம். அந்தக் காலி இடம் சொல்லுக்குள் நுழைந்த வழிகளில் இந்தக் கறுப்பு உடைக்காரனின் மிதவையும் ஒன்றாக இருக்கலாம். இது என் ஊகம் மட்டும்தான். அகராதிக்காரர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று கட்டாயமில்லை.

ஃபுல்டன் பின்னர் அமெரிக்காவுக்குத் திரும்பி, 1814இல் நீராவியில் ஓடும் போர்க்கலம் ஒன்றை நீரில் இறக்கினார். அதற்கு இரண்டு உடல்கள்; சக்கரம் நடுவே. எதிரியின் குண்டு சக்கரத்தில் படக்கூடாதே என்று அப்படி.

இடையில் ஆங்கிலப் பேச்சுவழக்கில் இந்தச் சொல் சண்டைக்காரக் கிழவியைக் குறிக்கவும் பயன்பட்டது. பூனையைக் குறிக்கும் சொல் அதில் ஒலித்ததால் வந்த வினை என்று நினைக்கிறேன். சிரிக்க வேண்டாம். நம்மூரிலும் அது ஒரு மனிதர் மேல் போய் ஒட்டிக்கொண்டது. பக்கத்துத் திருக்குவளைக்காரரான மு. கருணாநிதி, தம்மைக் கடலில் தூக்கிப் போட்டாலும் மக்கள் ஏறிப் போகக் கட்டுமரமாக மிதப்பேன் என்று பேசினார். அதற்குப் பிறகு இணையத்தில் எதிராளிகளுக்குக் ‘கட்டுமரம்’ என்றாலே அவர்தான். உவமையாகச் சொன்னது கிண்டல் பெயராகிவிட்டது. கரைக்குப் பக்கத்தில் வளர்ந்தவருக்கு மூழ்காத பொருளைச் சொல்ல வேறென்ன தோன்றும்?

இரட்டை உடல் படகு பசிபிக் தீவுக்காரர்களின் கைவண்ணம்; அதற்கும் சோழமண்டலத்துக்கும் தொடர்பில்லை. 1876இல் அமெரிக்கப் படகுக் கலைஞர் நத்தானியல் ஹெரஷாஃப் ‘அமரில்லிஸ்’ என்ற இரட்டை உடல் பாய்ப்படகைச் செய்து நியூயார்க் போட்டியில் எல்லாரையும் பின்னுக்குத் தள்ளினார். அதைக் ‘கேட்டமரான்’ என்றார்கள். பாலினேசியரின் பொருளுக்குத் தமிழரின் பெயர். சொல் அங்கேயே குடியேறிவிட்டது.

பிறகு கடற்படைகள். 1973இல் அமெரிக்கக் கடற்படை ‘பிஜன்’, ‘ஆர்ட்டலன்’ என்ற இரு கப்பல்களைப் பணியில் சேர்த்தது. வேலை, கடலடியில் சிக்கிய நீர்மூழ்கியிலிருந்து ஆட்களை மீட்பது. இரண்டு உடல்களுக்கு நடுவே இருந்த காலியிடம் வழியாகச் சிறிய மீட்பு நீர்மூழ்கியை இறக்கி ஏற்றுவார்கள். நீர்மூழ்கி விற்கப் போய்க் கேட்டமரான் செய்த ஃபுல்டன் இதைப் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

2012இல் அதே கடற்படைக்கு வந்த ‘ஸ்பியர்ஹெட்’ 103 மீட்டர் நீளம், முழுக்க அலுமினியம், வேகம் மணிக்கு 35 கடல்மைலுக்கு மேல்; படையையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு ஓடக் கட்டியது. சீனக் கடற்படையின் 022 வகை ஏவுகணைப் படகுகளும் இரட்டை உடல்தான். ஏறக்குறைய 80 கட்டியிருக்கிறார்கள். எதிலும் கட்டு இல்லை. எதிலும் மரமும் இல்லை.

போதாததற்குச் சொல்லையே துண்டாக்கிவிட்டார்கள். பாய்ப்படகுக்காரர்கள் பேச்சில் அது வெறும் ‘கேட்’. கட்டு மட்டும் மிச்சம், அதுவும் பாதி. மூன்று உடல் வைத்துச் செய்தபோது ‘ட்ரைமரான்’ என்று பெயரிட்டார்கள். இப்போது மரம் ஒரு விகுதி. அமெரிக்காவின் ‘இண்டிபெண்டன்ஸ்’ வகைப் போர்க்கப்பல்கள் 127 மீட்டர் நீள ட்ரைமரான்கள். கோட்டுச்சேரிமேட்டுப் பெரியவர் கட்டை விட்டுவிட்டு ‘மரம்’ என்றார். பாய்ப்படகுக்காரர் மரத்தை விட்டுவிட்டுக் ‘கேட்’ என்கிறார். ஆளுக்குப் பாதி.

இந்தோனேசியாவில் இரண்டு தமிழ்ச் சொற்கள் ஒரே கலத்தில் சந்தித்தன. அங்கே கடற்படைக் கப்பல் ஒவ்வொன்றின் பெயருக்கு முன்னும் கே.ஆர்.ஐ. என்று இருக்கும். அதில் முதல் எழுத்து ‘கபல்’. நம் கப்பல் மலாய் மொழிக்குப் போன வடிவம். நீர்மூழ்கியும் அங்கே ‘கபல் செலாம்’, மூழ்கும் கப்பல். 2012 ஆகஸ்ட் இறுதியில் அவர்கள் ‘கிளேவாங்’ என்ற ஏவுகணைப் படகை நீரில் இறக்கினார்கள். கரிமநார் உடல், 63 மீட்டர், ட்ரைமரான். ஒரு மாதம்கூட ஆகவில்லை, செப்டம்பர் 28இல் தீப்பிடித்து எரிந்துபோனது. நனைந்துகொண்டே மிதக்கும் பொருளின் பெயரை வைத்துக்கொண்டு நெருப்பில் போன கலம் அது.

சொல் ஒரு தடவை இந்தியாவுக்கும் திரும்பி வந்தது. 2006இல் இந்தியக் கடற்படை ஆறு இரட்டை உடல் ஆய்வுக் கப்பல்களுக்குக் குஜராத்தில் ஒரு கட்டும்தளத்திடம் ஆணை கொடுத்தது. வந்து சேர்ந்தது ஒன்றே ஒன்று: 2012இல் கார்வாரில் சேர்க்கப்பட்ட ஐ.என்.எஸ். மகர். கடலின் ஆழம் அளந்து வரைபடம் போடுவது அதன் வேலை. அதைப் பற்றித் தமிழில் எழுதும்போதும் ‘கேட்டமரான்’ என்று எழுத நம் கை போகிறது. ‘கட்டுமரம்’ என்று எழுதினால் வாசகர் நான்கு மரத்தையும் கயிற்றையும் நினைத்துவிடுவார் என்ற பயம். பயம் நியாயமானதுதான், அவர் நினைப்பதும் நியாயமானதுதான்.

சொந்தப் பொருளுடன் அந்தச் சொல் இன்னும் சேர்ந்து வாழும் இடங்களில் ஒன்று அரசு அறிவிப்பு. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இந்தக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. பாரம்பரியப் படகுகளுக்கும் கட்டுமரங்களுக்கும் விலக்கு. கரையில் பார்த்தால் மரம் குறைந்துவிட்டது. 2004 சுனாமியில் இந்த ஊர்களின் கலங்கள் உடைந்து போயின. பிறகு நிவாரணமாக வந்தவற்றில் பெரும்பகுதி ஃபைபர் படகுகள். அவிழ்த்துக் காய வைக்க வேண்டியதில்லை, எஞ்சின் மாட்டலாம், இன்னும் தூரம் போகலாம். வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

தூரம் போனதும் எதிரில் வந்தது இன்னொரு சொல்: நேவி. அதன் வேர் லத்தீன் நாவிஸ். சம்ஸ்கிருத நௌ அதற்கு உறவு. சங்கப் பாடல்களில் வரும் நாவாயும் அந்தக் குடும்பத்துச் சொல்தான் என்று மொழியியலாளர் பலர் கருதுவார்கள். நம்மிடமிருந்துதான் எல்லாம் போனது என்று வாதிடுபவர்களும் உண்டு. எனக்கு முதல் கட்சிதான் சரியென்று படுகிறது. கட்டுமரத்தையும் கப்பலையும் கொடுத்த மொழி ஒரு நாவாயை வாங்கிக்கொண்டதால் ஏழையாகிவிடாது. ஆனால் கரையில் இந்த வழக்கெல்லாம் கிடையாது. அங்கே நேவி என்றால் இலங்கைக் கடற்படை மட்டுமே. 2025 ஜனவரி 28ஆம் தேதி நெடுந்தீவு அருகே காரைக்கால் பகுதிப் படகொன்றின் மீது அந்தக் கடற்படை சுட்டதில் மீனவர்கள் காயம்பட்டார்கள். படகிலிருந்த 13 பேரும் பிடிபட்டார்கள். ‘நேவிக்காரன் வந்துட்டான்’ என்ற வாக்கியத்தை இந்தக் கரையில் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கிளம்பும்போது தொடுவானத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று தெரிந்தது. “நேவியா?” என்று பெரியவரிடம் கேட்டேன்.

கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்தார். “இது நம்ம கோஸ்ட்கார்டு. நேவின்னா அந்தப் பக்கம்” என்று தென்கிழக்கே காட்டிவிட்டு, வலையில் சிக்கியிருந்த நண்டின் காலை ஒவ்வொன்றாக விடுவிக்கத் தொடங்கினார்.